ஒட்டிலியா விட்டுவிட்ட ஒரு சொல்

ஒட்டிலியா போர்சா அந்த நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஜியு பள்ளத்தாக்கில் அப்போது பதினைந்து சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுடையது அவற்றில் பெரியதும் அல்ல, சின்னதும் அல்ல. படித்து வந்த பெண் என்பதால் மேலே, கட்டுப்பாட்டு அறையில் உட்காரவைத்தார்கள். முதலில் முள் ஆடும் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டாள். பிறகு மீட்டர்கள் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, அதையும் அவளே பார்த்துக்கொண்டாள். கட்டிய கணவன் கட்டட வேலைக்கு இத்தாலி போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அதைப் பற்றி அவள் யாரிடமும் அழுததில்லை. நாலாவது மாடி வீட்டில் தனியாக இருந்தாள். சாயங்காலம் வேலை விட்டு வந்தால் ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி ஒரு கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காருவாள்.

கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குத் துணை நேலு. ஐம்பத்தெட்டு வயது, புகையில் பழுத்த மீசை, ஓயாத வாய். கீழே யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள், எந்த மட்டத்தில் எவ்வளவு வாயு என்பதையெல்லாம் திரையில் பார்த்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருப்பது அவர் வேலை. அந்தத் திரைக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர்தான் சுரங்கத்தின் மூக்கு. பூமிக்கு அடியில் நாற்பது இடங்களில் மாட்டியிருந்த கருவிகள் மீத்தேன் எவ்வளவு என்று நொடிக்கு நொடி அதற்குச் சொல்லும். அளவு கூடினால் கீழே மின்சாரம் தானாகப் போய்விடும். கம்ப்யூட்டரே நின்றுபோனாலும் மின்சாரம் போய்விடும். வாயு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்தில் ஒரு பொறி கூடப் பறக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய வயரிங். ஆள் ஏற்றும் கூண்டையும் எப்போதோ அதே சுவிட்சில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அதைப் பிரிக்க வேண்டும் என்று மூன்று முறை எழுதிப் போட்டார்கள், மூன்று முறையும் கடிதம் மேலிடத்துக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

கரித்தூள் படியாமல் இருக்க அந்தக் கம்ப்யூட்டரை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கோடையில் பெட்டி அடுப்பாகிவிடும். 2008 ஜூலையில் இரண்டு தடவை சூடு தாங்காமல் அணைந்துபோனது. இரண்டு தடவையும் கீழே முந்நூறு பேர் இருட்டில் நின்று ஒட்டிலியாவின் வம்சத்தையே திட்டித் தீர்த்தார்கள்.

"இஞ்சினியரம்மா, இதுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வாய்ல வச்சுடுங்களேன்" என்றார் நேலு.

"அதுக்குள்ளயே தெர்மாமீட்டர் இருக்குண்ணே. நாமதான் கேட்டுப் பார்க்கறதில்ல."

அது உண்மை. பிராசசருக்குள் எண்ணிட்ட சின்னச் சின்ன அறைகள் உண்டு. ரெஜிஸ்டர் என்பார்கள். தன் வேகம் என்ன, சூடு என்ன, எங்கே தவறு நடந்தது என்றெல்லாம் பிராசசர் தன்னைப் பற்றித் தானே அவற்றில் குறித்து வைத்துக்கொள்ளும். சாதாரண புரோகிராம் எதுவும் அங்கே கை வைக்க முடியாது. இயங்குதளத்தின் நடு உள்ளே, கரு என்று சொல்கிற இடத்தில் இருப்பவருக்குத்தான் அனுமதி. ஒட்டிலியா மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, கருவுக்குள் போய்ச் சூட்டைப் படித்துவருகிற ஒரு துண்டு நிரலை எழுதினாள். வெளியே நேலுவின் திரையில் ஒரு பொத்தான். அமுக்கினால் எத்தனை டிகிரி என்று காட்டும். எழுபதைத் தாண்டினால் நேலு பெட்டியின் கதவைத் திறந்து மேஜை மின்விசிறியைத் திருப்பி வைப்பார். அதற்குப் பிறகு அந்த மெஷின் ஒருநாளும் சூட்டால் நிற்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு ரெஜிஸ்டரைப் படிக்க இரண்டு வழி இருக்கிறது. நேரடியாக அறை எண்ணைச் சொல்லிக் கேட்பது ஒரு வழி. அந்த எண்ணில் அறை இருந்தால் பதில் வரும். இல்லாவிட்டால் பிராசசர் அந்த இடத்திலேயே வேலையைப் போட்டுவிட்டுத் தவறு என்று கையைத் தூக்கிவிடும். கருவுக்குள் அப்படி நடந்தால் அதைத் தாங்கிப் பிடிக்க ஆள் கிடையாது. இன்னொரு வழி, அதே கட்டளையோடு 'பத்திரமாக' என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதுவது. அப்படி எழுதினால், இந்த வரியில் இடறினால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே ஓர் அட்டவணையில் இடம் குறிக்கப்பட்டுவிடும். இடறினாலும் எழுந்து, படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு மேலே போகும். ஒரே ஒரு சொல்.

ஒட்டிலியாவுக்கு அது தெரியும். தெரிந்தேதான் விட்டாள். இருப்பது ஒரே மெஷின், அதன் பிராசசர் என்ன ரகம், எந்த எண்ணில் சூடு இருக்கிறது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இருக்கிற அறையைத் தட்ட எதற்கு அத்தனை ஜாக்கிரதை என்று நினைத்தாள். ஒன்றரை வருஷம் அந்த நினைப்பு சரியாகவே இருந்தது.

2010 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அந்தப் பழைய கம்ப்யூட்டர் செத்தது. சூட்டால் அல்ல, வயதால். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே ஸ்டோரிலிருந்து வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேறு கம்பெனி, வேறு பிராசசர். பழையதிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி இதில் மாட்டினாள். மூக்கு வேலை செய்யாமல் ஒருவரையும் கீழே இறக்கக் கூடாது என்பது விதி. தலைக்கவசமும் விளக்குமாகக் காலை ஷிப்டு முழுக்க வராந்தாவில் நின்று சிகரெட்டை ஊதிக்கொண்டிருந்தது.

அவ்ராம் கதவிடுக்கில் தலையை நீட்டினார். நிலத்தடி ரயில் ஓட்டுகிறவர், ஐம்பத்து மூன்று வயது, ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். தினமும் இறங்குவதற்கு முன்னால் கட்டுப்பாட்டு அறையில் ஒரு காபி குடித்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

"இஞ்சினியரம்மா, இன்னிக்கு லீவுன்னு சொல்லிட்டா நாங்க பீர் கடைக்காச்சும் போவோம்ல?"

"போங்க அவ்ராம்ண்ணே. சபீனா அக்காவுக்கு நானே போன் போட்டுச் சொல்லிடறேன்."

"ஐயய்யோ! அதுக்குக் கீழ போறதே மேலு. அங்க தலைல கரி மட்டும்தான் விழும்."

வராந்தாவே சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது திரையில் நாற்பது இடங்களின் எண்களும் ஒவ்வொன்றாகப் பச்சையில் வந்தன. ஏழரை மணிக்கு நேலு கையைத் தட்டினார். "நொரோக் பூன்!" என்று சுரங்கத்தார் வழக்கப்படி ஒருவருக்கொருவர் நல்லது சொல்லிக்கொண்டு கூண்டை நோக்கிப் போனார்கள். தலைமை இஞ்சினியர் வந்து ஒட்டிலியாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த அவசரத்தில், டிஸ்க்கோடு சேர்ந்து தன்னுடைய பழைய துண்டு நிரலும் புது மெஷினுக்கு வந்துவிட்டது என்பது அவளுக்கு நினைவே வரவில்லை.

பதினொன்று பத்துக்குக் கீழேயிருந்து போன். அவ்ராமுக்கு நெஞ்சு வலி. முகம் சாம்பலாகிவிட்டது, இடது கையைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் உட்கார்ந்துவிட்டார், இரண்டு பேர் தாங்கிக்கொண்டு கூண்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நேலு மருத்துவமனைக்குச் சொன்னார். பத்து நிமிஷத்தில் டாக்டரம்மா ஆம்புலன்ஸோடு சுரங்க வாயில் வந்து நின்றார். கூண்டு மேலே ஏறத் தொடங்கியது. திரையில் அது ஒரு சின்னச் சதுரமாக ஊர்ந்து வருவதை நேலு பார்த்துக்கொண்டிருந்தார்.

சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் இரும்புப் பெட்டிமேல் கையை வைத்தார். சூடாக இருப்பதுபோல் தோன்றியது. புது மெஷினின் காற்று வேறு பக்கமாக வீசியதால் வந்த சூடு, பயப்பட ஒன்றும் இல்லாதது. அது அவருக்குத் தெரியாது.

"இப்போ மட்டும் படுத்துடாத ராசா" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்கினார்.

திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் வரிவரியாக ஏதோ கொட்டி, அப்படியே உறைந்து நின்றது. இல்லாத அறையைத் தட்டியிருந்தது ஒட்டிலியாவின் நிரல். பாதி உயிரோடு இருக்கிற காவலாளி செத்தவனை விட ஆபத்து என்பதால், கருவுக்குள் எந்த இடறல் வந்தாலும் மொத்த மெஷினும் நின்றுவிட வேண்டும் என்றுதான் அதை அமைத்திருந்தார்கள். நின்றது. கீழே மின்சாரம் போயிற்று. கூண்டு, சுரங்க வாய்க்கு எண்பது மீட்டர் கீழே, இருட்டில் தொங்கியது.

ஒட்டிலியா ஸ்டோரிலிருந்து பனியில் சறுக்கிக்கொண்டே ஓடி வந்தாள். உறைந்த திரையின் கடைசி வரிகளைப் பழக்கத்தால் நோட்டில் கிறுக்கிக்கொண்டு மெஷினை மறுபடி ஏற்றினாள். நாலு நிமிஷத்தில் எண்கள் திரும்ப வந்துவிட்டன. ஆனால் ஒருமுறை நின்றுபோன மூக்கை அப்படியே நம்பக் கூடாது என்று விதி. ஒவ்வொரு மட்டத்திலும் ஆள் நடந்து போய்க் கையில் கருவியைப் பிடித்து வாயுவை அளந்து, போனில் சொல்லி, இங்கே எழுதிக்கொண்ட பிறகுதான் மின்சாரம். அந்த விதியை மீறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முந்நூறு பேர் கீழே இருந்தார்கள்.

கூண்டோடு பேசும் போனை நேலு காதிலிருந்து எடுக்கவே இல்லை.

"பேசுறாரா?"

"பேசுறாரு. தண்ணி கேக்கறாரு."

"குடுக்காத. உதட்ட மட்டும் நனை. அவ்ராம்! டேய் அவ்ராம்! நான்தான்டா. என்னடா, ஓசில லிஃப்டுல உக்காந்து ரெஸ்ட் எடுக்கறியா? எந்திரிச்சு வாடா மேல, காபி ஆறுது."

கொஞ்ச நேரம் கழித்து: "பேசுறாரா?"

அந்தப் பக்கம் சொன்னது ஒட்டிலியாவுக்குக் கேட்கவில்லை. நேலுவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மற்ற போன்களில் வரும் எண்களை எழுதத் திரும்பிக்கொண்டாள். நாற்பத்தொரு நிமிஷம் ஆயிற்று. கூண்டு மேலே வந்தபோது டாக்டரம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னார். வேறு எதுவும் செய்ய அவருக்கு இருக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வீட்டில் ஒட்டிலியா நோட்டைத் திறந்தாள். இடறல் எங்கே நடந்தது, அதற்கு முன் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று கரு கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன வரிகள். நாலாவது வரியில் அவள் நிரலின் பெயர் இருந்தது. முதலில் எழுத்துப் பிழையாகக் கிறுக்கிவிட்டோமோ என்று பார்த்தாள். பிறகு தன் கம்ப்யூட்டரைத் திறந்து ஒன்றரை வருஷத்துக்கு முன் எழுதியதை எடுத்துப் பார்த்தாள். முப்பத்தோரு வரி. பத்தொன்பதாவது வரியில் அந்தக் கட்டளை, அந்தச் சொல் இல்லாமல். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு நாள் இருந்தார்கள். மாரடைப்பால் மரணம், கம்ப்யூட்டர் நின்றதற்குக் காரணம் தெரியவில்லை, பழைய சாதனம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஒட்டிலியாவை அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: மறுபடி ஏற்ற எத்தனை நிமிஷம் ஆயிற்று? நாலு என்றாள். நன்றாகச் செய்தீர்கள் என்றார்கள். வாயைத் திறந்தாள். அதற்குள் தலைமை இஞ்சினியர் கோப்பை மூடிவிட்டார். அந்த மூடிய கோப்பைப் பார்த்தபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதிக்காகத் தன்னை அவள் பிற்பாடும் மன்னிக்கவில்லை.

சுரங்க வாசலில் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. சுரங்கத்தில் செத்தவர்களின் பெயர்கள் அதில் வெட்டியிருக்கும். அவ்ராமின் பெயர் அதில் ஏறாது என்று ஆயிற்று. மாரடைப்பு வீட்டுச் சாவு மாதிரிதான், அது சுரங்கத்தின் சாவு அல்ல என்றார்கள்.

மூன்றாவது வாரம் நேலு அவள் வீட்டுப் படியேறி வந்தார். நாலு மாடி ஏறி மூச்சு வாங்கியது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இஞ்சினியரம்மா, ஒண்ணு சொல்லணும். விசாரணைல நான் சொல்லல. நான்தான் அமுக்கினேன்."

"என்ன அமுக்கினீங்க?"

"அந்தச் சூடு பட்டனை. அமுக்கினதும்தான் செத்துப்போச்சு. சும்மா கெடந்தத நோண்டிட்டேன். இருவத்தஞ்சு வருஷம் கூட இருந்தவன். என் கையாலயே..." தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒட்டிலியா அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். நோட்டைக் காட்டினாள்.

"அண்ணே, பட்டன் அமுக்கறதுக்குத்தான் இருக்கு. அமுக்கினா நிக்கற மாதிரி எழுதினது நான். இங்க பாருங்க, இது என் நிரலோட பேரு. தப்பு உங்க விரல்ல இல்ல."

நேலு வெகுநேரம் அந்த எழுத்துகளையே பார்த்தார். அவருக்கு அது புரிந்திருக்காது. "நெசமாவா?" என்றார். "என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்களா?"

"நெசமாதான்."

"அப்போ உங்களுக்கு யாரு சொல்றது, உங்க தப்பு இல்லன்னு?"

ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ் பிளம் சாராயம் ஊற்றினாள். செத்தவருக்காக முதல் சொட்டைத் தரையில் சிந்திவிட்டுக் குடித்தார்கள்.

நாற்பதாம் நாள் சடங்குக்கு இரண்டு நாள் முன்னால் ஒட்டிலியா அவ்ராமின் மனைவி சபீனாவின் வீட்டுக்குப் போனாள். சபீனா சமையலறை மேஜையில் கோதுமையைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேகவைத்து, சர்க்கரையும் வாதுமையும் சேர்த்து, கோயிலில் படைத்து எல்லாருக்கும் கொடுக்கும் கோலிவாவுக்கான கோதுமை. கறுப்பு முக்காடு. கண் வீங்கியிருக்கவில்லை, வறண்டிருந்தது. ஒட்டிலியாவுக்கு எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

ஒட்டிலியா சொன்னாள். முதலில் கோவையாக வரவில்லை, கருவும் கட்டளையும் ரெஜிஸ்டருமாக உளறினாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் சபீனா.

"ஒரு கதவ தட்டறதுக்கு முன்னால, இப்படி ஒரு கதவு இருக்கான்னு கேட்டிருக்கணும் அக்கா. நான் கேக்கல. பழைய மெஷின்ல அந்தக் கதவு இருந்துச்சு. புதுசுல இல்ல. தட்டினதும் அது நின்னுபோச்சு. அதனாலதான் கூண்டு நின்னுச்சு."

சபீனா ஒரு கல்லைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"மேல வந்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"டாக்டரம்மா வாசல்ல நின்னாங்க. பொழச்சிருக்கலாம். பொழைக்காமயும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது."

"இத நீ அந்த மூணு பேருகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"பயம்."

"அங்க சொல்லாதத இங்க எதுக்குக் கொண்டுவந்த?" சபீனாவின் குரல் உயரவில்லை. "நான் 'போவுது விடு'ன்னு சொல்லணும், நீ இறக்கி வச்சுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கணும். அதானே? என்கிட்ட ஏற்கெனவே ஒரு சுமை இருக்கு ஒட்டிலியா. உன்னோடத நான் தூக்க மாட்டேன். பூமிக்கு அடியில செத்த மனுசன், வீட்டுல செத்தாருன்னு எழுதி வச்சிருக்கானுங்க. போ. அங்க போய் எழுதிக் குடு. அதுக்கப்புறம் உன் மூஞ்சிய நான் பாக்கறதா வேணாமான்னு யோசிக்கறேன்."

ஒட்டிலியா எழுந்தாள். வாசல்வரை போனவளைச் சபீனா கூப்பிடவில்லை. கோதுமை தட்டில் விழும் சத்தம் மட்டும் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

அன்றே எழுதினாள். இரண்டு பக்கம். நோட்டிலிருந்த வரிகளையும் பத்தொன்பதாவது வரியையும் இணைத்தாள். கூண்டையும் வாயு சுவிட்சையும் பிரிக்கச் சொல்லி எழுதிய மூன்று கடிதங்களின் தேதியையும் சேர்த்தாள். நேலுவின் பெயரை எழுதவில்லை. 'பணியில் இருந்தவர் வழக்கமான சோதனையைச் செய்தபோது' என்று மட்டும் எழுதினாள்.

தலைமை இஞ்சினியர் கடிதத்தின் நகலை மேஜைமேல் வீசினார். "உனக்குப் பைத்தியமா? முடிஞ்சுபோன விஷயத்த எவனாவது தோண்டுவானா? நீயும் போவ, என்னையும் இழுத்துட்டுப் போவ."

"அந்தக் கல்லுல அவரு பேரு வரணும் சார்."

"செத்தவனுக்குப் பேரு எதுக்கு?"

"அவங்க வீட்டம்மா சாகலயே."

மறுபடி விசாரணை வந்தது. இந்தத் தடவை பதினான்கு மாதம் இழுத்தது. பாதுகாப்பு மெஷினில் அனுமதி இல்லாமல் சொந்த நிரலை ஏற்றியதற்காக ஒட்டிலியாவின் வேலை தொடக்கத்திலேயே போயிற்று. மூன்று கடிதங்களையும் உட்காரவைத்தது யார் என்று அறிக்கையில் எங்கும் இல்லை. ஆனால் அவ்ராமின் சாவு சுரங்க விபத்து என்று திருத்தப்பட்டது. கூண்டின் வயரைப் பிரித்தார்கள். ஒரு ஏப்ரல் காலையில் கல்வெட்டுகிறவன் வந்து கறுப்புக் கல்லின் வலது ஓரத்தில் உட்கார்ந்தான். ஒட்டிலியா சாலைக்கு எதிர்ப்புறம், பேருந்து நிற்கும் இடத்தில் நின்று பார்த்தாள். சபீனா கல்லுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தும் முடிகிறவரை நகரவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

வேலை போன அந்தப் பதினான்கு மாதத்தில் ஒட்டிலியா அதே முப்பத்தோரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பகலில் ஊர் நூலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பாள். மற்ற நேரமெல்லாம் இதுதான். இந்தத் தடவை நிரல் முதலில் பிராசசரிடம் அது யார் என்று கேட்டது: எந்தக் கம்பெனி, எந்தக் குடும்பம், எந்த மாடல். தெரிந்த பெயர் வந்தால், அந்த மாடலுக்கு உண்டு என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிற அறைகளை மட்டும் தட்டியது. தெரியாத பெயர் என்றால் ஒன்றையும் தொடாமல் திரும்பியது. தட்டுகிற ஒவ்வொரு வரியிலும் அந்தச் சொல் இருந்தது. ஒரே பிராசசருக்குள் நாலு மையங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரெஜிஸ்டர், ஒன்றுக்குரியதை இன்னொன்றில் நின்று படித்தால் பொய்ப் பதில் வரும். ஆகவே அந்தந்த மையத்துக்கே ஆளனுப்பி அங்கேயே படித்துவரச் செய்தாள். படித்தாலே உள்ளிருப்பது அழிந்துபோகிற அறைகளும் சில சாதனங்களில் உண்டு. அவற்றைத் தொடவே கூடாது என்று தனிப் பட்டியல் போட்டாள். எழுதுகிற வசதியை அடியோடு எடுத்துவிட்டாள், படிக்க மட்டுந்தான்.

எல்லாவற்றையும் விட அவள் அதிக நாள் யோசித்தது ஒரு சின்ன விஷயத்தை. படிக்க முடியாவிட்டால் திரையில் என்ன காட்டுவது? பூஜ்யம் என்று காட்டினால் பார்க்கிறவர் சூடே இல்லை என்று நம்பிவிடுவார். கடைசியாகத் தெரிந்த எண்ணைக் காட்டினால் அதுவும் பொய். 'தெரியவில்லை' என்றே காட்டட்டும் என்று முடிவு செய்தாள்.

அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டாள். முதல் வருஷம் ஒன்பது பேர் எடுத்தார்கள். பிறகு எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வந்தன: போர்ச்சுகலில் ஒரு துறைமுகம், ஃபின்லாந்தில் பனிமலை நடுவே ஒரு வானிலை நிலையம். புது பிராசசர் வந்தால் சேர்க்கச் சொல்லி எழுதுவார்கள். கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்த பிறகே சேர்ப்பாள். ஒருமுறை ஓர் இளைஞன், இத்தனை கேள்வி கேட்டுவிட்டுப் படிப்பதால் தாமதமாகிறது, சோதனைகளை எடுத்துவிட ஒரு வழி வையுங்கள், நாங்கள் எங்கள் மெஷினை அறிவோம் என்று கொஞ்சம் கேலியாகவே எழுதியிருந்தான். ஒட்டிலியா பதிலை நாலு தடவை எழுதி அழித்தாள். கடைசியில் அனுப்பியது ஒரே வரி: 'மன்னிக்கவும், அதை மட்டும் செய்ய முடியாது.' ஏன் என்று அவள் யாருக்கும் எழுதியதில்லை.

நேலு மகளோடு இருக்க ஸ்பெயினுக்குப் போனார். இரண்டு குளிர்காலம் கழிந்து அங்கேயே இறந்துபோனார். சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். வாய்க்குக் கான்கிரீட் போட்டார்கள். பள்ளத்தாக்கில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒட்டிலியாவின் மாடிப்படியில் பதினாறு குடும்பம் இருந்தது ஐந்தாயிற்று.

சந்தையில் சபீனா எதிரே வந்தால் தலையை ஒரு விரற்கடை அசைப்பாள். பேச்சு இல்லை. பன்னிரண்டு வருஷம் அப்படியே போயிற்று.

அந்த அக்டோபரில் ஒரு ஞாயிறு, கோயில் மணி ஓய்ந்த நேரம், கதவு தட்டப்பட்டது. திறந்தால் சபீனா. அறுபத்து மூன்று வயதில் நாலு மாடி ஏறியிருந்தாள். கையில் போர்வையில் சுற்றிய ஒரு கம்ப்யூட்டர்ப் பெட்டி.

"திமிஷோவாராவுக்குப் போறேன். மகள் வீட்டோட. இது அவரு வாங்கினது. ஆறு வருஷமா எந்திரிக்க மாட்டேங்குது. உள்ள போட்டோ இருக்கும்னு நெனக்கறேன். கடையில கேட்டேன், தூக்கிப் போடச் சொல்றான்."

"உள்ள வாங்க அக்கா."

ஒட்டிலியா பெட்டியைத் திறந்தாள். தூசியைத் துடைத்தாள். டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில், எதுவும் எழுதிவிடாதபடி படிப்பதற்கு மட்டும் மாட்டினாள். முதலில் கரகரவென்று முனகியது. ஒருமுறை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். மத்தியானம் தாண்டிவிட்டது. சபீனா கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கொடுத்த சூப்பைத் தொடவில்லை.

இருநூற்றுப் பதினொரு படங்கள் வந்தன. ஐந்து படங்கள் பாதியில் கிழிந்து சாம்பல் நிறமாக நின்றன. ஒட்டிலியா ஒவ்வொன்றாகத் திறந்தாள். பேத்தியின் ஞானஸ்நானம். மலையில் காளான் பொறுக்கியது. ஒரு புத்தாண்டு மத்தியானம், சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் அவ்ராம், வயிற்றின்மேல் யாரோ வைத்த காகிதக் கிரீடம்.

சபீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொறட்டை விட்டா மாடி வீட்டுக்காரன் கம்பால தட்டுவான்" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒட்டிலியா அவளைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிளம்பும்போது படங்கள் இருந்த சின்ன டிஸ்க்கைச் சபீனா கைப்பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனக்கல அக்கா."

"இந்த ஊர்ல இத யாருகிட்டக் குடுக்கறதுன்னு யோசிச்சேன். உன் பேருதான் வந்துச்சு. எனக்கே கோவமா இருந்துச்சு." முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "அந்த அஞ்சு படம்... அத ஒண்ணும் பண்ண முடியாதா?"

"முடியாதுக்கா. என்ன இருந்துச்சுன்னு தெரியாது."

"சரி" என்றாள் சபீனா. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். இரண்டாவது மாடியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கியது கேட்டது. பிறகு கீழே பெரிய கதவு திறந்து மூடியது.

ஒட்டிலியா உள்ளே வந்து, ஆறிப்போன சூப்பைப் பாத்திரத்தில் திருப்பி ஊற்றி அடுப்பை ஏற்றினாள். அவளும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.